ஐந்தாவது ஒயர்

லாரிக்கு ஒயர் இழுப்பதென்றால் அசோக்குமாருக்குத் தூக்கத்தில்கூட வரும். டிராக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். திருத்தணி அரக்கோணம் ரோட்டில் பதினாலு வருஷமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். ஆனால் அன்றைக்குக் கடை வாசலில் நின்றது ஹைபிரிட் கார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி என்று ஓடுகிற ரகம். பட்டனை அழுத்தினால் உறுமாது, குலுங்காது. டேஷ்போர்டில் பச்சை எழுத்து ஒன்று வரும், அவ்வளவுதான். வண்டி ஓடத் தயாராக இருக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று காதை வைத்துச் சொல்ல முடியாத வண்டியை எந்த மெக்கானிக்குக்குப் பிடிக்கும்?

வண்டியாவது பரவாயில்லை. அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆள்தான் பிரச்சினை. கஜபதி. அக்கா சுலோச்சனாவின் புருஷன். அவனுக்குப் பாவா. இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் கஜபதிக்கு நிலம். அதன் ஓரத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிற ஷெட். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற பல்புகளுக்கெல்லாம் ஒயரிங் செய்து கொடுத்தது, சொந்த மச்சான் என்ற முறையில், அசோக்குமார்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு தை மாத விடியற்காலையில் அந்த ஷெட் பற்றி எரிந்தது. எண்ணூறு குஞ்சுகள் கருகின. குஞ்சுகளைக் காப்பாற்ற உள்ளே ஓடிய சுலோச்சனாவின் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று.

ஊர் கூடி நின்றது. யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அசோக்குமார் கத்தினான்.

"யாரு பாவா உங்கள ரெண்டு பல்பு எச்சா மாட்ட சொன்னது? லோடு தாங்குமா?"

கஜபதி தானாகவே இரண்டு பல்பு கூடுதலாக மாட்டியிருந்தது நிஜம். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். தன்மேல்தான் அவருக்குச் சந்தேகம், அதனால்தான் முகம் கொடுப்பதில்லை என்று அசோக்குமார் நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஜாயிண்ட்டை அவசரத்தில் முறுக்கி, வெறும் டேப் சுற்றிவிட்டுப் போனது அவன்தான். தீ அங்கிருந்துதான் கிளம்பியது என்பது, கருகின சுவரைப் பார்த்த அன்றே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தது மற்றவரைக் குற்றம் சொல்வதற்கு மட்டும்தான்.

இப்போது கஜபதி வந்ததும் ஆசையாக வந்ததில்லை. சென்னையில் வேலை பார்க்கிற மகள் ஷாலினி, தான் வேறு வண்டி வாங்கியதும் பழைய ஹைபிரிட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பின்னால் பூட்டி இழுக்க ஆர்.கே.பேட்டை வெல்டரிடம் சின்ன டிரெய்லர் ஒன்று செய்து, நம்பரும் வாங்கியாயிற்று. ஆந்திரப் பக்கம் புத்தூரில் ஒரு பண்ணைக்காரர் அறுநூறு குஞ்சு கேட்டிருந்தார். மே மாத வெயிலில் குஞ்சுகளை ஏற்றினால் பாதி வழியிலேயே செத்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பொழுது சாய்ந்தால் டிரெய்லருக்கு விளக்கு வேண்டும். ஹைபிரிட் என்றதும் திருத்தணியில் இருந்த மற்ற மூன்று எலெக்ட்ரீஷியன்களும் கையை விரித்துவிட்டார்கள்.

"அசோக்குகிட்டயே போலாம்," என்று சுலோச்சனாதான் பிடிவாதமாகக் கூட்டி வந்திருந்தாள்.

காரின் டெயில் லைட் ஒயரில் நேராக இன்னொரு ஒயரை முடிச்சுப் போட்டுவிட முடியாது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எங்கோ கோளாறு என்று முடிவுகட்டி, இருக்கிற விளக்கையும் அணைத்துவிடும். அதனால் அக்கா முன்கூட்டியே போனில் சொன்னதும், சென்னையிலிருந்து பஸ் பார்சலில் ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்திருந்தான். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்ற சேதியை மட்டும் அது காரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கரண்ட்டைத் தனியாகச் சின்ன பேட்டரியிலிருந்து எடுத்து டிரெய்லருக்குக் கொடுக்கும். பேட்டரிக்குப் போகிற வழியில் ஆரஞ்சு நிறத்தில் தடியாக ஒரு கேபிள். அதில் கை பட்டால் ஆள் காலி. மூன்று மணி நேரம் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வேலை பார்த்ததில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கடைசியில் டிரெய்லருக்கு இழுக்கிற கேபிளில்தான் இடித்தது. டிரெய்லருக்கு ஐந்து ஒயர் வேண்டும். டெயில், பிரேக், இடது, வலது, இது போக, கரண்ட் திரும்பிப் போக ஒரு எர்த்து. கைவசம் இருந்தது நாலு ஒயர் கேபிள். சாமான் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். டிராக்டர் டிரெய்லருக்கெல்லாம் இந்தப் பக்கத்தில் எர்த்து ஒயர் என்று தனியாக யாரும் இழுப்பதில்லை. இரும்புக் கொக்கி இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கும், அதன் வழியாகவே கரண்ட் திரும்பிப் போய்விடும். இப்போதைக்குச் சோதித்துப் பார்க்க அது போதும், பிறகு எர்த்துக்கு ஒரு ஒயர் தனியாக இழுத்துவிடலாம் என்று பச்சை ஒயரில் ஆறடி வெட்டி மேசைமேல் வைத்தான்.

"ஆச்சான்னு கேளு," என்றார் கஜபதி, பெண்டாட்டியிடம்.

"ஒரு தபா போட்டுப் பாக்கலாங்க்கா," என்றான் இவனும், அக்காவிடம்.

நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. இடது சிமிட்டியது, வலது சிமிட்டியது, பிரேக்கை மிதித்ததும் சிவப்பு இரட்டிப்பாயிற்று. கஜபதி டிரெய்லருக்குப் பின்னால் போய்க் குந்தினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், "நல்லா எரியுது," என்றார்.

அந்த இரண்டு வார்த்தை அசோக்குமாரை என்னமோ செய்துவிட்டது. அக்காவுக்கு மோர் வாங்கிக் கொடுத்தான், டிரெய்லரைத் தட்டிக் கொடுத்தான், கையைக் காட்டி வழியனுப்பினான். குஞ்சு ஏற்றுவதற்கு அவர்கள் கே.ஜி.கண்டிகைக்குத் திரும்பிப் போனார்கள். மேசைமேல் கிடந்த பச்சை ஒயரை அவன் மறந்தே போனான்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சுலோச்சனாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அசோக்கு, கெளம்பிட்டோம்டா. திருத்தணி தாண்டி பொன்பாடி பக்கமா போயிகினு இருக்கோம். மத்தியானம் வூட்டுக்குப் போற வரைக்கும் அந்த கொக்கி கீச்சு கீச்சுன்னு கத்திகினே வந்துச்சா, உங்க பாவா கை நெறைய கிரீஸ அள்ளி அப்பிட்டாரு. இப்ப சத்தமே இல்ல!"

"ஆங்... சரிக்கா," என்றான். போன் கட்டாயிற்று.

கிரீஸ். அந்த வார்த்தை மண்டைக்குள் இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கண் தானாக மேசைக்குப் போனது. பச்சை ஒயர் சுருண்டு கிடந்தது.

டிராக்டர் வைத்திருக்கிற மனுஷன், சுழல்கிற இடத்தையெல்லாம் கிரீஸால் குளிப்பாட்டித்தான் பழக்கம். அவர் மேல் தப்பில்லை. டிராக்டரில் அந்தக் கொக்கிமேல் டன் கணக்கில் பாரம் உட்காரும், கிரீஸை நசுக்கிக்கொண்டு இரும்போடு இரும்பு சேர்ந்துவிடும். இதுவோ லேசான டிரெய்லர், அதில் காற்று மாதிரி கனமில்லாத குஞ்சுப் பெட்டிகள். பள்ளம் மேட்டில் கொக்கி துள்ளும். துள்ளுகிற கொக்கிக்கும் அது உட்காருகிற காரின் இரும்பு உருண்டைக்கும் நடுவில் கை நிறைய கிரீஸ். எர்த்து எங்கிருந்து கிடைக்கும்? மணி ஏழாகப் போகிறது. மணல் டிப்பர்கள் வரிசையாக விரட்டிக்கொண்டு வருகிற ரோடு. நடுவில் விளக்கில்லாத டிரெய்லர், அதன் முன்னால் அவன் அக்கா.

உடனே போனை எடுத்து அடித்தான். அடித்த பிறகுதான் உறைத்தது. ஷாலினி ஏற்பாட்டில் அக்காவின் போன் காரோடு இணைந்திருக்கிறது. பேசினால் கார் முழுக்கக் கேட்கும். பாவா காதில் விழும். 'இவன் ஒயரிங்தான் அன்னிக்கும் எரிச்சது' என்று அவர் முடிவே கட்டிவிடுவார்.

"சொல்லுடா," என்றாள் அக்கா.

"அக்கா... வண்டிய செத்த ஓரமா நிறுத்துங்க. என் டெஸ்டர உள்ளயே வுட்டுட்டேன். வந்து எடுத்துக்கறேன்."

குறுக்கே கஜபதியின் குரல் வந்தது.

"டெஸ்டரு எங்கயும் ஓடிப்போவாது. திரும்பி வரும்போது குடுக்கறோம்னு சொல்லு. நிறுத்துனா காத்து இல்லாம குஞ்சுக்கு மூச்சு முட்டும்."

கட். மறுபடி அடித்தான். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் ஒருத்தி, முதலில் தமிழில், பிறகு தெலுங்கில். உண்மையைச் சொல்லவும் அதே நாலு விநாடிதான் ஆகியிருக்கும். கேடுகெட்ட புத்தி, டெஸ்டர் என்று வாய் தானாகப் புளுகிவிட்டது.

பச்சை ஒயர், கட்டிங் பிளேயர், உப்புத்தாள், ரெண்டு போல்ட் நட்டு, ஸ்பேனர் என்று கையில் அகப்பட்டதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பைக்கை எடுத்தான். கடையைப் பூட்டவில்லை. மார்க்கெட்டில் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மலைக்குப் போய்விட்டு வந்த மொட்டைத்தலைக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டே இருந்தது. ஹாரனை அழுத்திய கட்டைவிரலை அவன் எடுக்கவே இல்லை. "இன்னாடா அவ்ளோ அவசரம், பொணமா வுழுந்துடுச்சு?" என்று எவனோ கத்தினான்.

திருப்பதி ரோட்டில் ஏறியதும் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினான். இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் தெரிகிற சிவப்பு விளக்கையெல்லாம் துரத்தினான். ஒன்று பஸ், ஒன்று பால் வண்டி, ஒன்று யாரோ வாடகைக் கார். ஒவ்வொன்றையும் எட்டிப் பிடித்து ஏமாந்த பிறகுதான் தன் முட்டாள்தனம் புரிந்தது. விளக்கு அணைந்த வண்டியை விளக்கை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? காருக்குச் சொந்த டெயில் லைட் இருக்கிறது, ஆனால் அதை டிரெய்லரில் அடுக்கின பெட்டிகளும் மேலே போர்த்தின பச்சை வலையும் மறைத்திருக்கும்.

நினைத்து முடிக்கவில்லை, எதிரில் கருப்பாக ஒரு சுவர் எழுந்தது. பிரேக்கை மிதித்தான். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய், ஒரு முழ இடைவெளியில் நின்று, மறுபடி ஓடியது. டிரெய்லர்! குஞ்சுகள் கத்துகிற சத்தம் காதில் கேட்கிற தூரம். இருப்பது தெரிந்து தேடி வந்த அவனே மோதப் பார்த்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும் அதன் டெயில் விளக்குகள் ஒரு தரம் மினுக்கிவிட்டு அணைந்தன.

கடந்து முன்னால் போய் நிறுத்தலாம் என்று வலப்பக்கம் ஒடித்தபோது கண்ணாடியில் வெளிச்சம் பாய்ந்தது. டிப்பர். லோடு இல்லாமல் பறந்து வருகிற டிப்பர். அதற்கு முன்னால் இருக்கிறது இவன் பைக் ஒன்றுதான் என்று டிரைவர் நினைப்பான். பைக்கு ஒதுங்கினால் ரோடு காலி என்று நினைப்பான்.

ஒதுங்காதே. அவன் தனக்குத்தானே சத்தமாகவே சொல்லிக்கொண்டான். ஒதுங்காதேடா.

டிரெய்லருக்கு நேர் பின்னால் பைக்கைக் கொண்டுவந்தான். பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விட்டான், தன் ஒரே ஒரு சிவப்பு விளக்கு அடித்து அடித்து அணைவதற்காக. இடது கையை அகல விரித்து மேலும் கீழுமாக ஆட்டினான். ஹாரன் காதைப் பிளந்தது. வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்து, அவன் நிழலை டிரெய்லர்மேல் நீளமாக வரைந்தது. அக்கா என்று கத்தினானா, முருகா என்று கத்தினானா, அவனுக்கே தெரியாது. டயர்கள் கிறீச்சிட்டன. டிப்பர் வலப்பக்கம் ஒடித்து, அவன் முழங்கையைக் காற்றால் அறைந்துவிட்டுக் கடந்து போயிற்று. டிரைவர் தெலுங்கில் திட்டியது வெகுதூரம் வரைக்கும் கேட்டது.

அந்த அமளியில்தான் கஜபதி கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். கார் வேகம் குறைந்து, மூடிக் கிடந்த ஒரு எடைமேடையின் முற்றத்தில் ஒதுங்கி நின்றது. அசோக்குமார் பைக்கை ஸ்டாண்டு போடவில்லை. அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

சுலோச்சனா ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்டா, ஒரு டெஸ்டருக்காடா லாரிக்கு குறுக்க வுழுந்த? பைத்தியமாடா நீ?"

கஜபதி பின்னால் போய்ப் பார்த்தார். காரில் விளக்கு எரிந்தது, டிரெய்லர் இருட்டாக நின்றது. காலால் ஒரு தட்டு தட்டினார். விளக்குகள் எரிந்து அணைந்தன. முன்பக்கம் வந்து கொக்கியைத் தொட்டார். விரலெல்லாம் கிரீஸ். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் கிரீஸ் போட்டேன்," என்றார். "அதனாலதானா?"

கோபம் இல்லை அந்தக் குரலில். இது தன் தலையில்தான் விடியும் என்று முன்னமே தெரிந்த மனுஷனின் குரல். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் நேராக அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதும் அப்போதுதான்.

பதில் அசோக்குமாரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆமா பாவா, யாரு உங்கள போட சொன்னது? பாதி உண்மைதான். அந்தப் பாதி போதும், தப்பித்துக்கொள்ளலாம். அன்றைக்கும் இப்படித்தான் பாதி உண்மை ஒன்று கையில் கிடைத்தது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.

"இல்ல பாவா. கொக்கின்னா கிரீஸ் போடத்தான் செய்வாங்க. அஞ்சாவதா ஒரு ஒயரு நான் இழுத்திருக்கணும். மறந்துட்டேன். டெஸ்டருன்னு சொன்னது பொய்யி."

கஜபதி கொக்கியை விட்டு விலகி அவனுக்கு இடம் விட்டார். பிறகு, "இப்ப இழு," என்றார்.

சுலோச்சனா இடது கையால் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவன் மண்டியிட்டு, டிரெய்லர் சட்டத்தில் ஓரிடத்தில் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பைக் கண்டுபிடித்து, பச்சை ஒயரின் ஒரு முனையை போல்ட் போட்டு இறுக்கினான். மறுமுனையைக் காரின் சட்டத்தில். நட்டு இரண்டு முறை கீழே விழுந்தது. இறுக்கி முடித்ததும் டிரெய்லர் விளக்குகள் எரிந்தன. டிரெய்லர் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். மினுக்கவில்லை. குஞ்சுகள்தான் திட்டின.

வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். அவன் போகவில்லை. முழங்காலில் இருந்தபடியே, கையில் ஸ்பேனரோடு சொன்னான்.

"பாவா. ஷெட்டு எரிஞ்சது உங்க பல்பால இல்ல. மூணாவது தூணாண்ட நான் போட்ட ஜாயிண்ட்டு. வெறும் டேப்ப சுத்தி வுட்டேன். அங்கதான் புடிச்சிது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. கஜபதி விரலில் இருந்த கிரீஸை லுங்கியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரேக் லைட் எரிந்தது. கிளம்பப் போகிறார் என்று அசோக்குமார் ஒதுங்கி நின்றான். வண்டி நகரவில்லை. சிவப்பு அணையவும் இல்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். காலை எடுக்க மறந்து மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. வேறு வண்டியாக இருந்தால் என்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும். இந்த வண்டிதான் மூச்சே விடுவதில்லையே. அறுபது வயது ஆம்பளை வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

சுலோச்சனா போனை அணைத்தாள். அவள் முகம் சிவப்பு வெளிச்சத்தில் பாதிதான் தெரிந்தது.

"உம்மேல கோவத்துல பேசலன்னா நெனச்சிகினு இருந்த?" என்றாள் மெதுவாக. "உன் மூஞ்சிய பாக்க வெக்கப்பட்டுகினு இருந்தாருடா அந்தாளு. என்ன நம்பி அக்காவ குடுத்தான், நானே அவ கைய எரிச்சிட்டேனேன்னு. ரெண்டு வருஷமா எனக்கு தலை வாரி வுடறது அவுருதான். இந்த வெந்த கை அவுரு மேல பட்டா எழுந்து கொல்லப்பக்கம் போயிடுவாரு. நீ கொளுத்தனதுக்கு அவுரு வெந்துகினு இருந்தாருடா."

"அக்கா..."

"கூப்பிடாத." அவள் தள்ளி நின்றாள். "குஞ்சு சாவுது, நாங்க போறோம். நீ வூட்டுக்கு வர வேணாம். அவுரு வான்னு சொல்ற அன்னிக்கு வா. சொல்லவே இல்லன்னா, ஏன்னு எங்கிட்ட கேக்காத."

கார்க் கதவு சாத்திக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிரேக் லைட் அணைந்தது. வலது இண்டிகேட்டர் சிமிட்டியது. டிரெய்லர் ரோட்டில் ஏறிப் புத்தூர்ப் பக்கம் போயிற்று. பின்னால் வந்த லாரி ஒன்று அதன் விளக்கைப் பார்த்துத் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அசோக்குமார் எடைமேடைத் திண்டில் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போக வேண்டும், கடை திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.